ரெஃபரன்ஸ் அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

அலமாரிக்காரன்:

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் நூலகர் நான். கீழ்த்தளத்தில் எங்கள் ரெஃபரன்ஸ் அறை. அறுபதுகளில் ஆரம்பித்து வாங்கிச் சேர்த்தவை அங்கே இருக்கின்றன: பிரிட்டானிகா, ஆங்கில அகராதிகள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி, கலைக்களஞ்சியம், மாவட்ட கெசட்டியர்கள் (ஒவ்வொரு மாவட்டத்தின் விவரங்களையும் தொகுத்த அரசு நூல்கள்), சென்சஸ் கையேடுகள், ஆண்டு நூல்கள், பைண்டு செய்த பருவ இதழ்கள். போதாக்குறைக்கு, வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்த கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ், யாரோ ஒரு துறைத்தலைவர் காலத்தில் வந்து சேர்ந்த தொகுதிகள் ஒரு சுவர் நிறைய.

நிர்வாகம் அந்த அறையை 'டிஜிட்டல் மையம்' ஆக்கப் போகிறது. கம்ப்யூட்டர், ஏசி, வட்ட மேசைகள். "எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கிறதே சார், இந்தத் தூசியை யார் தொடுகிறார்கள்?" என்று செயலர் கேட்டார். அவர் சொல்வதில் பாதி உண்மை. பிரிட்டானிகாவை மாணவர் யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் பாதியைக் கழிக்கலாம் என்றால் எந்தப் பாதி? கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு அடுத்து வருவதற்குள் பட்டியல் கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள்.

ஓபேக் செல்வி:

சார், முதலில் குற்ற உணர்ச்சியைக் கழித்துவிடுங்கள். புத்தகம் அப்புறம்.

பிரிட்டானிகாவை அச்சிட்டவர்களே அச்சைக் கைவிட்டுவிட்டார்கள். 1768ல் எடின்பரோவில் தொடங்கியது, 2010 பதிப்பின் 32 தொகுதிகளோடு நின்றது. 2012 மார்ச்சில் அறிவித்தார்கள். அப்போதே அவர்கள் வருமானத்தில் அச்சுத் தொகுதிகளின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 1990ல் அமெரிக்காவில் மட்டும் 1,20,000 செட் விற்ற நிறுவனம் அது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலர் நினைப்பதுபோல் விக்கிப்பீடியா வந்து அடித்த அடி மட்டும் இல்லை. 1993ல் மைக்ரோசாஃப்ட்டின் என்கார்ட்டா சிடியில் வந்தபோதே விற்பனை சரியத் தொடங்கிவிட்டது. அந்த என்கார்ட்டாவும் 2009ல் மூடப்பட்டது. அச்சை வீழ்த்திய சிடி, அச்சு நிற்பதற்கு முன்பே செத்துப்போனது.

கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் 1907ல் தொடங்கி, 2010 பிறந்தபோது அச்சில் வருவது நின்றது. மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணையான இண்டெக்ஸ் மெடிக்கஸ் 1879ல் தொடங்கியது, 2004 முடிவோடு நின்றது. அந்த வேலையை 1997லிருந்து பப்மெட் என்ற இணையத்தளம் இலவசமாகச் செய்கிறது. ஒரு தலைப்பில் வந்த கட்டுரைகளைத் தேட வருடவாரியாகத் தொகுதி தொகுதியாகப் புரட்டிய காலத்துக்கு எந்த ஆய்வாளரும் திரும்பமாட்டார். ஒரு சுவரையே பிடித்திருக்கிறது என்றீர்களே, கண்ணை மூடிக்கொண்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அப்புறம், புத்தகங்களின் பின்னட்டைப் பையில் இருக்கும் சிடிக்களையும் பாருங்கள். அவற்றைப் படிக்கும் கருவி உங்கள் புதிய மையத்தின் ஒரு கம்ப்யூட்டரில்கூட இருக்காது. அச்சுக்கு முன்னால் செத்தது அதுதான்.

குரூப் டூ தம்பி:

மாணவன் தரப்பில் ஒரு வார்த்தை. எங்களுக்கு வேண்டியது உட்கார இடமும் பிளக் பாயிண்டும்தான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவன் புத்தகத்தையும் போனையும் கையோடு கொண்டுவருகிறான். நூலகத்தில் அவனுக்கு அமைதி, ஃபேன், தண்ணீர் இருந்தால் போதும். அறையைத் திறந்துவிடுங்கள் சார்.

ஓய்வுபெற்ற டி.எல்.ஓ.:

தம்பி சொல்வது நியாயமான தேவை. மாவட்ட நூலக அலுவலராக நான் பணியில் இருந்த பொது நூலகங்களிலும் படிப்பறை அப்படித்தான் மாறிக்கொண்டு வந்தது. ஆனால் இடம் தருவது ஒரு வேலை, தகவல் தருவது வேறு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாகக் கணக்குக் காட்டக் கூடாது.

செல்வி அம்மா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் 'ஆன்லைனில் இருக்கிறது' என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை விதமான இருப்பு இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தீர்களா? அச்சு அகராதியை நூலகம் ஒருமுறை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, நூறு ஆண்டு வைத்திருக்கலாம். சந்தா கட்டிய டேட்டாபேஸ் அப்படி இல்லை. நெல் வாங்கிக் குதிரில் கொட்டுவதற்கும் மெஸ்ஸில் மாத டோக்கன் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. சந்தா நின்ற மாதம் தட்டு காலி. பத்து வருடம் கட்டிய பணத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் மாவட்ட மைய நூலகத்தின் ரெஃபரன்ஸ் பகுதிக்கு உறுப்பினர் அல்லாதவர்களும் வருவார்கள். உள்ளூர் நிருபர், ஊர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற வாத்தியார், பட்டா வழக்குக்காக ஊர்ப் பெயரைத் தேடும் விவசாயி. கதவு திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் கெசட்டியரைப் புரட்டலாம். கல்லூரி வாங்கும் டிஜிட்டல் உரிமம் பொதுவாக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மட்டும்தான், அதுவும் லாகின் வழியாக. படித்து முடித்துப் போன உங்கள் பழைய மாணவனே மறுநாள் வெளியாள். அச்சிலிருந்து டிஜிட்டலுக்கு மாறும்போது வேகம் கூடுகிறது, வாசலின் அகலம் குறைகிறது. இதை யாரும் பேசுவதில்லை.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்துக்கு நடந்ததும் நினைவிருக்கட்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் இணையதளம், பட்டியல், டிஜிட்டல் சேகரிப்பு எல்லாம் முடங்கின. மையப் பட்டியலே 2024 ஜனவரி நடுவில்தான் மீண்டு வந்தது, அதுவும் தேடிப் பார்க்க மட்டும். உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்றுக்கே அந்தக் கதி.

ஓபேக் செல்வி:

ஐயா, பிரிட்டிஷ் நூலக உதாரணம் அச்சுக்கு ஆதரவான வாதம் இல்லை, நல்ல பேக்கப்புக்கு ஆதரவான வாதம். அச்சுப் புத்தகம் கரையான் அரித்துப் போவதையும் கூரை ஒழுகிப் போவதையும் பட்டியல் போட்டால் இந்த இழை தாங்காது.

ஆனால் சந்தா பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போடும்போதே 'நிரந்தர அணுகல்' என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், சந்தாவை நிறுத்தினாலும் பணம் கட்டிய வருடங்களின் இதழ்கள் உங்களுக்குத் திறக்கும். இதழ்களில் இது ஓரளவு கிடைக்கிறது. அகராதி, கலைக்களஞ்சியத்தில் அரிது. அது இயல்புதான், ஏனென்றால் அவை தினமும் மாறுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 20 தொகுதி இரண்டாம் பதிப்பு 1989ல் வந்தது. 2000ல் இணையத்துக்குப் போனது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்கள் காலாண்டுக்கு ஒருமுறை இணையத்தில்தான் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் அலமாரியில் 1989 செட் இருந்தால், அது அன்றைய ஆங்கிலத்தின் பதிவு. வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் காட்டி 'எங்களிடம் ஓஈடி இருக்கிறது' என்று நாக் குழுவிடம் சொல்லாதீர்கள்.

அரசுப் பக்கத்தில் என்-லிஸ்ட் என்ற திட்டம் 2010லிருந்து கல்லூரிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மின்னிதழ்கள், மின்னூல்கள் தருகிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கானது, அதிலும் ஆய்விதழ்கள்தான். அகராதி, கெசட்டியர், கலைக்களஞ்சியம் என்று நாம் இங்கே பேசும் சரக்குக்கு அதில் பதில் இல்லை.

இயற்பியல் வாத்தியார்:

எல்லோரும் கருத்துச் சொல்கிறீர்கள், எண் எங்கே? ஒரு வருடத்தில் எந்தப் புத்தகம் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்ற கணக்கு இருந்தால் இந்த விவாதம் பத்து நிமிடத்தில் முடியும்.

அலமாரிக்காரன்:

ரெஃபரன்ஸ் நூல்கள் இரவல் போவதில்லை சார். அதனால் சாஃப்ட்வேரில் எல்லாமே பூஜ்யம்தான். செயலர் காட்டுவதும் அந்தப் பூஜ்யத்தைத்தான். அவர் பொய் சொல்லவில்லை, அளவுகோல் தப்பு.

ஓபேக் செல்வி:

வாத்தியார் கேட்டதற்கு ஒரு பழைய வழி உண்டு. 'எடுத்த புத்தகத்தைத் திரும்ப அடுக்காதீர்கள், மேசையிலேயே விடுங்கள்' என்று எழுதி ஒட்டுங்கள். சாயங்காலம் உதவியாளர் அடுக்கும்போது பின்பக்கச் சீட்டில் பென்சிலால் ஒரு கோடு. கோஹா நூலக மென்பொருள் வைத்திருந்தால் பார்கோடை ஸ்கேன் செய்து உள்பயன்பாடாகப் பதியலாம். ஒரு பருவம் முழுக்கச் செய்யுங்கள். தேர்வு மாதத்தில் மட்டும் எடுத்த கணக்கு ஏமாற்றும்.

நெல்லை ஆய்வாளர்:

தமிழ் ஆய்வில் இருக்கிறேன். ஆங்கிலச் சரக்குக்கும் தமிழ்ச் சரக்குக்கும் ஒரே விதி போடுகிறீர்கள், அதுதான் உறுத்துகிறது.

ஆங்கில ரெஃபரன்ஸ் அச்சிலிருந்து போனபோது சந்தாவாகப் போனது. விலை இருக்கிறது, ஆனால் தேட முடியும், திருத்தம் வரும், பின்னால் ஆசிரியர் குழு இருக்கிறது. தமிழில் நடந்தது வேறு. நம் நூல்கள் பெரும்பாலும் இலவசமாகத்தான் இணையத்துக்கு வந்தன, படங்களாக. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் இருக்கிறது. எடுத்தால் ஸ்கேன் செய்த பிடிஎஃப். திறக்கலாம், பார்க்கலாம், பலவற்றில் உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. ஐநூறு பக்கத்தை மவுஸால் உருட்டுவதைவிடப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பெயரகராதியைப் பார்ப்பது எனக்கு வேகம்.

எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்) போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். புதிய அச்சு என்றால் இன்று நன்றாகவே வருகிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசு 1978ல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா எழுத்துகளுக்குப் பழைய வடிவம், லை, ணை, னை எழுத்துகளுக்கு யானைத்துதிக்கை போட்ட வடிவம். மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. அதோடு இரண்டு பத்தி அமைப்பு, பொடி எழுத்து, சுருக்கக் குறிகள், நடுநடுவே ஆங்கிலம், வடமொழி எழுத்துகள். அகராதிப் பக்கம்தான் எழுத்துணரிக்கு வைக்கிற கடும் பரீட்சை.

இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு லெக்சிகன். 1924லிருந்து 1936 வரை 6 தொகுதிகள், 1939ல் அனுபந்தம். ஒரு லட்சத்துக்கு மேல் தலைச்சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின் அகராதித் திட்டம் அதைத் தேடக்கூடிய தரவாகவே போட்டிருக்கிறது. ஃபெப்ரீஷியஸ், வின்ஸ்லோ அகராதிகளும் அங்கே உண்டு. தினமும் பயன்படுத்துகிறேன், அதற்காக அச்சுப் பிரதியைத் தொடுவதே இல்லை. ஒன்றைத் தவிர: முதல் தொகுதி. மேற்கோள் நூல்களின் சுருக்கக் குறிகளுக்கு விளக்கம் அதன் முன்பக்கங்களில் இருக்கிறது. இணையத்தில் தேடும்போது அது பக்கத்தில் இருந்தால்தான் வேலை ஓடும். எனவே ஒரு செட்டை வைத்திருங்கள். இரண்டு செட் இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

கலைக்களஞ்சியமும் அப்படித்தான். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954லிருந்து 1968 வரை 10 தொகுதிகளாக வந்தது. ஸ்கேன் இணையத்தில் கிடைக்கிறது. அதில் உள்ள அறிவியல் பழையதாகிவிட்டது, உண்மை. ஆனால் 1950களில் ஒரு துறையைத் தமிழில் எப்படி எழுதினார்கள் என்று பார்க்க அதுதான் மூலம். கலைக்களஞ்சியமாகப் பயன் குறைந்த நூல், ஆவணமாகப் பயன் கூடுகிறது. அதை பிரிட்டானிகாவோடு ஒரே குவியலில் போடாதீர்கள்.

கோர்ட்டு வாசல்:

வக்கீல் அலுவலகத்தில் நாங்கள் இந்த மாற்றத்தை எப்போதோ முடித்துவிட்டோம். முன்பு சீனியரின் அறைச் சுவர் முழுக்கத் தீர்ப்புத் தொகுதிகள் இருக்கும். இன்றும் சிலர் வைத்திருக்கிறார்கள், கட்சிக்காரர் வந்தால் கண்ணில் படட்டும் என்று. தேடுவதெல்லாம் திரையில்தான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இ-எஸ்சிஆர் என்று தன் தீர்ப்புத் தொகுப்பை இலவசமாகத் திறந்துவிட்டது. ஆரம்பத்திலேயே சுமார் 34,000 தீர்ப்புகள். சிறு ஊர் வக்கீலுக்கு அது பெரிய விஷயம்.

மத்திய அரசிதழ் இன்னும் ஒரு படி மேல். 2015 அக்டோபரிலிருந்து அச்சிடுவதே இல்லை, மின்வடிவம்தான் மூலம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 8ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆகவே 'அச்சு இருந்தால் பத்திரம்' என்கிறவர்கள் கவனிக்கவும், இங்கே அச்சு என்று ஒன்று கிடையாது. நூலகம் அரசிதழைச் சேகரிக்க விரும்பினால் இறக்கி வைத்துத்தான் சேகரிக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. நியூயார்க்கில் 2023ல் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்டார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. இனி ரெஃபரன்ஸ் நூலகரிடம் வரும் கேள்வி 'இது எங்கே இருக்கிறது' என்பதோடு நிற்காது. 'இப்படி ஒன்று இருக்கிறதா' என்பதும் வரும்.

அலமாரிக்காரன்:

அது எங்களிடம் வந்தேவிட்டது சார். முதுகலை மாணவர்கள் கொண்டுவரும் நூற்பட்டியலில் எழுத்தாளர் பெயர் சரி, இதழின் பெயர் சரி, ஆண்டும் பொருத்தம், கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லை. அந்த இதழின் பைண்டு தொகுதியை எடுத்துப் பொருளடக்கத்தைக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

வடமராட்சியான்:

வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணப் பக்கம் இருந்து ஒரு கருத்து.

1981 மே 31 இரவு யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு 'அச்சா, டிஜிட்டலா' என்ற கேள்வியே வித்தியாசமாகத்தான் கேட்கும். எத்தனை இடத்தில் நகல் இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. 2005ல் 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம் தொடங்கியது தன்னார்வலர்களால். நூல்கள் மட்டும் இல்லை, பத்திரிகைகள், சிற்றிதழ்கள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் எல்லாம் வருடி ஏற்றினார்கள், ஏற்றிக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு கிராமத்தின் வரலாற்றுக்கு அந்தக் கும்பாபிஷேக மலர்தான் கனக்க நேரம் ஒரே ரெஃபரன்ஸ். எந்தப் பெரிய நிறுவனமும் அதை டேட்டாபேஸ் ஆக்கி உங்களுக்கு விற்கப் போவதில்லை.

ஆகவே என் ஆலோசனை: வெளியில் கிடைப்பதைக் கழியுங்கள், பரவாயில்லை. உங்கள் கல்லூரியில் மட்டும் இருப்பது எது என்று ஒருக்கால் பாருங்கள். கல்லூரி ஆண்டு மலர்கள், உள்ளூர் சங்கங்களின் வெளியீடுகள், அந்த ஊர் அச்சகத்தில் வந்த சின்னப் புத்தகங்கள். அவற்றுக்கு நீங்கள்தான் பிரிட்டானிகா.

ஓய்வுபெற்ற டி.எல்.ஓ.:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. தமிழ்நாட்டிலும் இதற்குப் பெரிய உதாரணம் ரோஜா முத்தையா. கோட்டையூரில் தனி மனிதராகச் சேர்த்தவர், விளம்பரத் துண்டுச்சீட்டு வரைக்கும் விடாமல். 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டுக்கு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிறுவ வழிசெய்தது. முதலில் மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். டிஜிட்டல் பின்னால் வந்தது. மைக்ரோஃபிலிமைப் பழைய சாமான் என்று சிரிக்கிறார்கள். ஒரு லென்ஸும் விளக்கும் இருந்தால் படிக்கலாம், எந்த மென்பொருளும் வேண்டாம்.

கூடவே எதிர் உதாரணம். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா என்று அரசுப் பணத்தில் லட்சக்கணக்கான நூல்களை ஸ்கேன் செய்தார்கள். பின்னர் அந்தத் தளமே இயங்காமல் போனது. அந்த நூல்களில் பெரும்பகுதி இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அதற்குள் ஆர்க்கைவ் தளத்தில் வேறு சிலர் நகல் ஏற்றி வைத்திருந்ததுதான். அந்த ஆர்க்கைவ் தளமும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கிக் கிடந்தது.

இயற்பியல் வாத்தியார்:

அப்படியென்றால் முடிவு? எல்லாவற்றையும் வைத்துக்கொள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய், எல்லா இடத்திலும் நகல் வை. இந்த மூன்றுக்கும் காசு யார் தருவது? பொது நூலகத்துக்காவது 1948 பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி வருகிறது. கல்லூரிக்கு?

ஓபேக் செல்வி:

எல்லாவற்றையும் இல்லை வாத்தியாரே. வடமராட்சியார் சொன்னதில் விடை இருக்கிறது. உலகத்தில் ஆயிரம் பிரதி இருப்பதற்கு நீங்கள் செலவழிக்க வேண்டாம். உங்களிடம் மட்டும் இருப்பதற்குச் செலவழியுங்கள். அது ஒரு பீரோ அளவுதான் வரும். அதை ஸ்கேன் செய்ய மேலே தொங்கும் கேமரா ஸ்கேனர் ஒன்று போதும், புத்தகத்தை அழுத்தி முதுகை உடைக்காது. நிர்வாகம் எப்படியும் டிஜிட்டல் மையத்துக்குக் கருவி வாங்கத்தான் போகிறது. அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துவிடுங்கள். வட்ட மேசை ஒன்றைக் குறைத்தால் வந்துவிடும்.

ஸ்கேன் செய்ததை டிஸ்பேஸ் என்ற மின்னூலக மென்பொருளில் ஏற்றி, தலைப்பு, ஆண்டு, ஊர், அச்சகம் என்று ஒழுங்காக விவரம் கொடுங்கள். பலர் செய்யும் கொடுமை, ஸ்கேன் 001, ஸ்கேன் 002 என்று கோப்புக்குப் பெயர் வைத்து ஹார்டு டிஸ்க்கில் பூட்டி வைப்பது. அதற்குப் பேசாமல் புத்தகத்தையே அலமாரியில் விட்டிருக்கலாம். தமிழில் விவரம் கொடுக்கும்போது யூனிகோடில் கொடுங்கள். பழைய எழுத்துருவில் டைப் செய்த பட்டியல் இன்று பல நூலகங்களில் குப்பை எழுத்தாகத்தான் தெரிகிறது.

நெல்லை ஆய்வாளர்:

காப்புரிமை? எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட முடியாதே.

கோர்ட்டு வாசல்:

கேட்டது நல்லது. நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை. அரசு வெளியீடு என்றால் வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. ஆகவே பழைய கெசட்டியர்கள், 1961க்கு முந்தைய சென்சஸ் அறிக்கைகள் எல்லாம் தாராளமாக ஏற்றலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கும் சிக்கல் இல்லை.

காப்புரிமை உள்ளவற்றுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1) பிரிவில் இரண்டு வாசல் உண்டு. வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் நூலைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். இந்தியாவில் விற்பனையில் கிடைக்காத நூல் என்றால் நூலகப் பயன்பாட்டுக்கு மூன்று பிரதிகள் வரை எடுக்கலாம். இரண்டிலும் சேமிப்புதான் பேச்சு, இணையத்தில் ஊருக்கே திறந்துவிடுவது இல்லை. கல்லூரி நூலகம் 'பொது நூலகம்' ஆகுமா என்பதும் வாதாட வேண்டிய விஷயம். வெளியாட்களுக்கும் ரெஃபரன்ஸ் அனுமதி கொடுத்து, அதை விதியாக எழுதி வைத்திருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலம்.

முதல் வாசலில் ஒரு நிபந்தனையைப் பாருங்கள்: அச்சுப் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால், சட்டத்திடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

குரூப் டூ தம்பி:

உட்கார இடம் கேட்டவன் நான்தான். ஆனால் கோர்ட்டு வாசல் அண்ணன் சென்சஸ் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் ஊர் சென்சஸ் கையேட்டைத் தேடிப் பார்த்தேன். 2011க்கு சென்சஸ் தளத்திலேயே பிடிஎஃப் கிடைக்கிறது. எங்கள் தாலுகாவின் கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன, பள்ளி, குடிநீர், சாலை வசதி எல்லாம். இப்படி ஒன்று இருப்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற டி.எல்.ஓ.:

இங்கேதான் நூலகர் வருகிறார் தம்பி. நூலகவியல் அறிஞர் ரங்கநாதனை இழுக்காமல் ஒரு நூலக இழை ஓடாது என்று கிண்டல் செய்வார்கள், இருந்தாலும் இழுக்கிறேன். 1931ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அச்சுக் காலத்தில் அலமாரி வரிசை அந்த வேலையில் பாதியைச் செய்தது. அகராதிக்குப் பக்கத்தில் கலைக்களஞ்சியம், அதற்குப் பக்கத்தில் கெசட்டியர். ஒன்றைத் தேடி வந்தவன் கண்ணில் இன்னொன்று படும். திரையில் அப்படிப் பக்கத்தில் எதுவும் இல்லை, தேடியது மட்டும்தான் வரும்.

எனவே அலமாரிக்காரரே, அறை போகட்டும். ஆனால் இணையத்தில் உள்ளவற்றை ஓபேக்கில், அதாவது நூலகத்தின் கணினிப் பட்டியலில், ஏற்றுங்கள். லெக்சிகனைத் தேடினால் உங்கள் அலமாரி எண்ணும் சிகாகோ இணைப்பும் ஒரே பதிவில் தெரிய வேண்டும். கெசட்டியருக்கு ஸ்கேன் இணைப்பு, சென்சஸுக்கு அரசுத் தளத்தின் இணைப்பு. வருடம் ஒருமுறை எல்லா இணைப்பையும் சோதியுங்கள். ஸ்டாக் வெரிஃபிகேஷன் செய்கிறோமே, அதோடு சேர்த்து. அரசுத் தளங்கள் முகவரி மாற்றும்போது சொல்லிக்கொண்டு மாற்றுவதில்லை.

அலமாரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. உதவியாளரோடு அறைக்குள் போய்ப் பட்டியல் எடுத்துவிட்டேன். இதுதான் நிலை.

கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ், பழைய ஆங்கில ஆண்டு நூல்கள், சிடிக்கள் கழிவுக்கு. பிரிட்டானிகாவில் எங்களிடம் இருக்கும் பழைய செட்டையும் கழிக்கிறேன். ஏதாவது பள்ளி கேட்டால் கொடுப்பேன் என்று நினைத்தேன், ஆனால் அரை நூற்றாண்டு பழைய தகவலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதும் சரியாகப் படவில்லை.

லெக்சிகன் ஒரு செட், கலைக்களஞ்சியம், கெசட்டியர்கள், 1961க்கு முந்தைய சென்சஸ் தொகுதிகள் இருக்கும். படிப்பறையில் இரண்டு அலமாரி கேட்டிருக்கிறேன், மேலே மாடியில் பூட்டிய அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பைண்டு இதழ்களில் தமிழ் இதழ்கள் மட்டும் இருக்கும். ஆங்கில இதழ்களில் என்-லிஸ்டில் முழு வரிசையும் கிடைப்பவற்றைக் கழிக்கிறேன். சிலவற்றில் முதல் பத்து இருபது வருடங்கள் அங்கே இல்லை. அந்த வருடங்கள் இருக்கும்.

கடைசி அடுக்கில் ஒரு கட்டு கிடைத்தது. கல்லூரி தொடங்கிய வருடத்திலிருந்து ஆண்டு மலர்கள், கூடவே இந்த ஊர் வியாபாரிகள் சங்கம் வெளியிட்ட டைரக்டரி ஒன்று, அட்டை இல்லை, வருடம் தெரியவில்லை. கடைகளின் பெயரும் தெருவும் இரண்டிலக்க டெலிபோன் எண்களும் இருக்கின்றன. வரவுப் பதிவேட்டில் அதற்கு எண்ணே கிடையாது. இதுவரை நூலகத்தில் அது இல்லாத புத்தகம்.

செயலரிடம் ஸ்கேனருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். "அதுவும் டிஜிட்டல்தானே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வடமராட்சியான்:

அந்த டைரக்டரியை முதலில் வருடுங்கள் அண்ணை. மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம்.

ஓபேக் செல்வி:

வருடத்தை விளம்பரங்களை வைத்துப் பிடிக்கலாம். உள்ளே அச்சகத்தின் பெயர் இருக்கும், டெலிபோன் எண் இரண்டிலக்கம் என்பதும் உதவும். 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள். மூலத்தைத் தரம் குறையாத டிஃப் படக்கோப்பாக வைத்துக்கொண்டு, வாசகருக்கு மட்டும் பிடிஎஃப் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற டி.எல்.ஓ.:

ஒரு நடைமுறை விஷயம். கழிவுப் பட்டியலில் காரணம் என்ற பத்தியில் 'டிஜிட்டலில் உள்ளது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தளம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தத் தேதியில் திறந்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நூலகக் குழுவின் தீர்மான எண்ணும் வேண்டும். ஆடிட்டில் புத்தகம் எங்கே என்றுதான் கேட்பார்கள். அந்த டைரக்டரிக்கு இன்றைக்கே ஒரு வரவு எண் போட்டு, விலை என்ற இடத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதிவிடுங்கள்.